ஒன்று புள்ளி ஆறு ஆம்பியர்

கெட்டிலுக்கு அறுபது வெள்ளி கூடுதல் என்று
வாடகை ரசீதின் பின்புறம் எழுதியிருந்தார் மிஸ்டர் தியோ.
ஜெலுத்தோங் கடைவீட்டின் மாடியில்
என் அறைக்குத் தனி மீட்டர், தனிக் கணக்கு,
ஒரு ஜன்னல்,
ஜன்னலுக்கு வெளியே எப்போதும்
யாரோ காயப்போட்டு மறந்த துண்டு.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
நாளெல்லாம் அளப்பவள் நான்.
பலகை பலகையாக ஊசி வைத்து
தேறியது, தேறாதது என்று பிரித்து அனுப்புவேன்.
ஆகவே சண்டைக்குப் போகவில்லை.
கவ்வி மீட்டரை எடுத்து வந்தேன்.

கெட்டிலைப் போட்டதும் எட்டு ஆம்பியர்.
சுவரில் இருநூற்று நாற்பது வோல்ட்.
வகுத்தால் முப்பது ஓம்,
உள்ளே சுருண்டிருக்கும் கம்பியின் பிடிவாதம் அவ்வளவுதான்.
பிடிவாதம் அதிகமானால் சூடும் அதிகம் என்று
பலரும் நினைக்கிறார்கள்.
இல்லை. அதே சுவரில்
விட்டுக்கொடுக்கிற கம்பிதான் அதிகம் கொதிக்கும்.

பெருக்கினால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது வாட்.
பெரிய எண்தான். மிஸ்டர் தியோ பயந்தது இதற்குத்தான்.
ஆனால் நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு நிமிடம்.
மாதம் பதினொன்றரை யூனிட்.
யூனிட் ஐம்பது காசு, அவரே போட்ட விலை.
ஆறு வெள்ளிகூடத் தேறாது.

மீதி ஐம்பத்து நாலு வெள்ளியை
யார் குடித்தது?

சனி இரவு எல்லாவற்றையும் அணைத்தேன்.
விசிறி, விளக்கு, கைப்பேசி சார்ஜர்,
கொசுவுக்குச் செருகும் மருந்துகூட.
என் மீட்டரிலிருந்து வெளியே வரும் சிவப்பு வயரை
இருட்டில் கவ்விப் பிடித்தபடி நின்றேன்.
பூஜ்யம் வரவேண்டும்.
ஒன்று புள்ளி ஆறு.

வெளியே மழை. கடைசி பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.
இருபது நிமிடம் கழித்து, கீழே எங்கோ, டக்.
பூஜ்யம்.
மறுபடி இருபது நிமிடம்.
டக். ஒன்று புள்ளி ஆறு.
இத்தனை மாதமாக என் பல்பு லேசாகக் கண் சிமிட்டியதும்
இந்தத் தாளத்துக்குத்தான்.

மோட்டார் என்றால் ஓம் கணக்கு நேராக நடக்காது.
வோல்ட் முன்னே போக, கரண்ட் சற்றுப் பிந்தி வரும்.
பிந்தியதைக் கழித்து முந்நூறு வாட் என்று வைத்தேன்.
பாதி நேரம் ஓட்டம், பாதி நேரம் ஓய்வு.
மாதத்துக்கு நூற்றெட்டு யூனிட்.
ஐம்பத்து நாலு வெள்ளி, காசு பிசகாமல்.

காலையில் தாளை நீட்டினேன்.
சட்டைப் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து
ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை தட்டினார்.
மூன்றாவது தடவை தட்டவில்லை.
எழுந்து போய் மாடிப்படிக்கு அடியில்
பூட்டுப் போட்ட ஃப்ரீசரைத் திறந்தார்.

மீன் உருண்டை வியாபாரம் இங்கே நடந்ததாம்.
உள்ளே சுவரெங்கும் கையகல உறைபனி.
அடியில் ஒரே ஒரு பொட்டலம்.
அதன் மேல் நீல மையில் ஒரு தேதி,
இரண்டு சீனப் பெருநாளுக்கு முந்தையது.
ரசீதில் நான் பார்க்கிற கையெழுத்து இல்லை அது,
வட்ட வட்டமாக, நிதானமாக.

மூடினார்.
அறுபது வெள்ளியை எண்ணித் தந்தார்.
பிறகு மலாயில் கேட்டார்,
மிஸ் யோகா, இந்த வயரை
என் மீட்டருக்கு மாற்றித் தர முடியுமா?

பிளக்கைப் பிடுங்கினாலே போதும் என்று
வாய்வரை வந்தது.
ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்தேன்.

அரை மணி நேர வேலை.
மாற்றி முடித்துத் திரும்பவும் அளந்தேன்.
அவர் பக்கம் ஒன்று புள்ளி ஆறு.
என் பக்கம் பூஜ்யம்.

பல்பு இப்போது சிமிட்டுவதில்லை.
ராத்திரியில் சில நேரம் விழித்துக்கொண்டு
கீழிருந்து வரும் அந்த டக்குக்காகக்
காத்திருக்கிறேன்.